ஒரு விரல் கீழே

குன்வோர் தலையணை உறைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம், கல்சுவரை ஒட்டி, இரண்டு பச்சை ரப்பர் பூட்சுகள் தரையோடு தரையாகத் தெரிந்தன. பூட்சுக்குள் கால்கள் இருந்தன. கையிலிருந்த உறையைக் கூடையில் போட்டுவிட்டு ஓடினாள்.

பெர்ட்டில் குப்புறப் படுத்திருந்தார். தாடை புல்லில் பதிந்திருந்தது, கையில் புல் நறுக்கும் கத்திரி. சுவரோரத்தில் ஏழெட்டு அடி நீளத்துக்குப் புல் சீராக நறுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. புல்வெட்டும் ரோபோ மெதுவாக ஊர்ந்து வந்து அவருடைய பூட்ஸ் அடியில் முட்டியது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்வாங்கி, வேறு பக்கம் போனது.

"விழுந்துட்டியா?"

"இல்ல. படுத்துருக்கேன்."

"எம்புட்டு நேரமா?"

"இப்பத்தான்."

"இப்பத்தான்னா?"

"ரேடியோவுல பத்து மணிச் செய்தி ஆரம்பிச்சுது."

குன்வோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால்.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா நீ வந்துருவியே."

சமையலறையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் போட்டாள். முதலில் உருண்டு பக்கவாட்டில் கிடந்து, பிறகு நல்ல காலை மடக்கி, நாற்காலியைப் பிடித்து, அவள் தோளைப் பிடித்து, பெர்ட்டில் எழுந்து நிற்பதற்குள் ரோபோ இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"மண்டி போடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னாளா இல்லையா?"

"மண்டி எங்க போட்டேன்? படுத்துல்ல வெட்டினேன். படுக்கக் கூடாதுன்னு அவ சொல்லல."

"கத்திரி எப்பிடிக் கெடச்சுது?"

"உருளைக்கெழங்குப் பெட்டிக்கு அடியில. முப்பத்தெட்டு வருசமா நீ எதை ஒளிச்சாலும் அங்கதான் ஒளிக்கிறே."

சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

பெர்ட்டிலுக்கு அறுபத்தேழு வயது. நாற்பத்திரண்டு வருடம் மர ஆலையில் நின்றே வேலை பார்த்தவர். சனிக்கிழமை ஆனால் புல்வெளி. தள்ளு வண்டியால் நடுவெல்லாம் வெட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கும். பழைய சாக்கை மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கல்சுவரோரம், பூப்பாத்தியோரம், கொடிமரத்தைச் சுற்றி, இரண்டு ஆப்பிள் மரத்தைச் சுற்றி என்று கத்திரியால் நறுக்கிக்கொண்டே போவார். ஊரில் நடந்து போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் இன்னும் மெதுவாக வெட்டுவார்.

மார்ச் மாதம் வலது முட்டியை எடுத்துவிட்டு வேறு முட்டி வைத்தார்கள். மே மாதம் மகள் தோராவும் அவள் கட்டிக்கொள்ளப்போகிற எமிலும் யோத்தபோரி நகரத்திலிருந்து காரில் ரோபோவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடைக்காரன் ஒருவன் வந்து இரண்டு மணி நேரத்தில் எல்லைக் கம்பியைப் பதித்து, கைபேசியில் எதையோ அழுத்திவிட்டுப் போனான். கம்பி கிடக்கிற இடம்வரை ரோபோ போகும், அதைத் தாண்டாது. அப்படித்தான் போனது. ஆனால் அதனுடைய கத்தி வயிற்றுக்கு நடுவில் இருந்தது. அதனால் சுவரோரத்தில் ஒன்றரைச் சாண் அகலத்துக்குப் புல் அப்படியே நின்று வளர்ந்தது. பாத்தியோரத்திலும் மரத்தைச் சுற்றியும் அதே கதை. நடு மண்டையை வழித்துவிட்டுக் காதோரத்தை மறந்துபோன சவரம் மாதிரி இருந்தது தோட்டம்.

குன்வோர் அதற்கு ஆல்பின் என்று பெயர் வைத்தாள். ஆல்பின் மர ஆலையில் பெர்ட்டிலுக்கு மேஸ்திரியாக இருந்தவர். நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார், எதிலாவது முட்டினால் திரும்பிவிடுவார், ஒரு வேலையையும் ஓரம்வரை முடித்தது கிடையாது. பெயரைக் கேட்டதும் பெர்ட்டில் சிரித்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவளுக்கு ரோபோவைப் பிடித்துப்போயிற்று.

நைலான் நரம்பு சுழலும் கைமெஷின் ஒன்றை வாங்கி அவளே ஓரம் வெட்டிப் பார்த்தாள். சுவரோரக் கல்லொன்று தெறித்துப் போய் நிலவறைச் சன்னல் கண்ணாடியை உடைத்தது. ஆப்பிள் மரத்தின் பட்டை உரிந்தது. பெர்ட்டில் வந்து மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு அதைக் கொட்டகையில் மாட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தோரா பேசினாள். கைபேசி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. குன்வோர் உருளைக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். புதுக் கிழங்கு, தோல் நகம் பட்டாலே வந்துவிடும்.

"அப்பா படுத்துக் கெடந்தாராமே?"

"யார் சொன்னது?" என்று குன்வோர் ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டாள்.

"நீதான் மத்தியானம் செய்தி அனுப்பினியே, அம்மா. பூட்ஸோட படம் வேற. இங்க பாரு, நானும் எமிலும் பேசினோம். கல்யாணத்தை ஏரிக்கரை ஓட்டல்லயே வெச்சுக்கலாம். ஆகஸ்ட் மொத சனிக்கிழமை அவங்ககிட்ட எடம் இருக்காம். வர்ற வெள்ளிக்குள்ள சொல்லணும். பேசினபடி நம்ம தோட்டத்துல வெச்சா அஞ்சு வாரமும் அப்பா ஓரம் ஓரமா ஊர்ந்துகிட்டு இருப்பாரு. இன்னொரு தடவ எசகுபிசகா விழுந்தாருன்னா என்ன ஆகும்?"

பெர்ட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குன்வோர் அவரைப் பார்த்தாள்.

"ஓட்டல்ல சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். "மீனெல்லாம் நல்லாப் போடுவாங்க."

எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு வெந்தது, வெண்ணெயும் சோயிக்கீரையும் போட்டு, ஊறவைத்த மீனை எடுத்துவைத்துக் கூப்பிட்டாள். இரண்டு கிழங்கு தின்றார். வழக்கமாக ஒன்பது. பிறகு காப்பியும் வேண்டாம் என்றார். காப்பி வேண்டாம் என்று பெர்ட்டில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. முட்டி அறுத்த அன்றைக்குக்கூட மயக்கம் தெளிந்ததும் அதைத்தான் முதலில் கேட்டார்.

குன்வோர் பாத்திரம் கழுவியபடி சன்னல் வழியே பார்த்தாள். லைலாக் புதர்வேலிக்கு அந்தப் பக்கம் ஹால்வாரின் புல்வெளி. பதினோரு வருடமாக அவர் ரோபோதான் வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய ஓரங்கள் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். எப்படி என்று அவள் யோசித்ததுண்டு. கேட்டதில்லை. கேட்க முடியாது.

அந்தக் கதை இப்படி. பதினோரு வருடத்துக்கு முன்னால், கோடைநடுத் திருநாள் அன்று, ஊர் மைதானத்தில் பூச்சுற்றிய கம்பம் நட்டு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரிலேயே முதல் ரோபோ வாங்கியிருப்பதாக ஹால்வார் சொன்னார். இரண்டு கோப்பை உள்ளே போயிருந்த பெர்ட்டில் எழுந்து நின்று, "இனிமே ஹால்வாருக்குப் பொண்டாட்டி தேவையில்ல. புல்லு வெட்ட ஒண்ணு வந்துருச்சு, மத்த வேலைக்கும் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுது" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. ஹால்வார் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் முன்னால்தான் அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்மார் ஊருக்குப் போயிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஊருக்கே தெரிந்தது.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்று அன்றே குன்வோர் சொன்னாள். "நாளைக்கு" என்றார் பெர்ட்டில். அந்த நாளை வரவில்லை. ஹால்வார் முற்றத்தில் இருந்தால் இவர் கொட்டகைக்குள் போய்விடுவார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட ஹால்வார் வைத்துவிட்டுப் போகிறவரை காத்திருப்பார்.

மறுநாள் காலையில் குன்வோர் பால்கட்டிக் கேக் ஒன்றைச் சூட்டோடு துணியில் சுற்றிக்கொண்டு, சாலை வழியாகச் சுற்றிப் போய் ஹால்வாரின் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். கோடை விடுமுறையில் அவளுக்குக் கை நமைக்கும், எதையாவது செய்து யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அதனால் கேக் ஒரு சாக்கில்லை. பாதி சாக்கு.

ஹால்வார் நெட்டையான ஆள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு வளைக்க முடியாததால் எல்லாரையும் மேலிருந்து பார்ப்பது போலத் தோன்றும். கேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. உன் ஓரத்தைப் பாக்கணும்."

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வெளியே வந்தார். சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினார். சுவருக்கும் புல்லுக்கும் நடுவில் சதுரக் கருங்கல் மூன்று வரிசை பதித்திருந்தது. பாத்தியோரங்களில் இரண்டு வரிசை.

"இதுதான் சங்கதி" என்றார். "மெஷினோட சக்கரம் இந்தக் கல்லு மேல ஏறிப் போவும். ஏறினா நடுவுல இருக்குற கத்தி புல்லோட கடைசிவரைக்கும் வந்துரும். கம்பியைச் சுவர்கிட்ட நகத்திரணும். அவ்வளவுதான். பதினோரு வருசமா நான் கத்திரியத் தொட்டதில்ல."

"கல்லு எங்க வாங்கினே?"

"வாங்கல. பழைய ஸ்டேசன் முற்றத்தப் பேத்தப்போ கெடச்சுது. இன்னும் பாதி கெடக்கு, கொட்டகைக்குப் பின்னால."

கொட்டகைக்குப் பின்னால் காஞ்சொறிச் செடிகளுக்குள் கல் மலையாகக் கிடந்தது. குன்வோர் அதை எண்ணாமலே போதும் என்று தெரிந்துகொண்டாள்.

"எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. எனக்கெதுக்கு?" ஹால்வார் கேக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஆனா அவன் வந்து எடுத்துக்கட்டும்."

"அவன் வர மாட்டான், ஹால்வார்."

"தெரியும். நானுந்தான் பதினோரு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேனே."

வீட்டுக்கு வந்து சொன்னாள். பெர்ட்டில் காது வரை சிவந்தார்.

"ஸ்மோலாந்துல பொறந்துட்டு, கல்லுக்காக அடுத்தவன் வாசல்ல போய் நிக்கிறதா? மண்வாரியக் குத்தினா கல்லுதான் வருது இங்க. எங்கப்பன் பொறுக்கிப் போட்டதுதான் இந்தச் சுவரு."

"இதெல்லாம் முட்டைக்கோசு மாதிரிக் கல்லு. சக்கரம் ஏறுமா?"

"எங்கிட்ட சிமிட்டிப் பலகை இருக்கு."

கொட்டகையில் பத்துப் பதினைந்து சிமிட்டிப் பலகைகள் இருந்தன. அவர் பால் கறக்கிற முக்காலி ஒன்றைத் தேடி எடுத்து, அதில் உட்கார்ந்தபடி நீளக் கைப்பிடி மண்வாரியால் சுவரோரம் பள்ளம் பறித்தார். மண்டி போடவில்லை, படுக்கவுமில்லை. அதனால் குன்வோரால் எதுவும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் வேலை. பன்னிரண்டு அடி ஆயிற்று. சாப்பாட்டுக்கு உள்ளே வந்தபோது ஏழு கிழங்கு தின்றார். காப்பியும் இரண்டு கோப்பை. குன்வோர் அதை மட்டும் கவனித்துக்கொண்டாள், பலகை கொஞ்சம் தூக்கலாக இருப்பதைக் கவனித்தும் பேசாமல் இருந்தாள். கம்பியைத் தோண்டிச் சுவர்ப்பக்கம் தள்ளிப் பதித்ததும் அவள்தான்.

வியாழக்கிழமை காலை. இருவரும் காப்பிக் கோப்பையோடு படியில் நின்றார்கள். பெர்ட்டில் பொத்தானை அழுத்தினார். ஆல்பின் சார்ஜ் ஏறும் கூட்டிலிருந்து பின்னால் நகர்ந்து, திரும்பி, தோட்டத்தைக் குறுக்கே கடந்து, ஆப்பிள் மரத்தில் ஒரு முட்டு முட்டிவிட்டு, நேராகப் புதுப் பலகையை நோக்கிப் போனது.

"வர்றான்" என்றார் பெர்ட்டில்.

முன்சக்கரம் பலகை விளிம்பில் மோதியது, எம்பி ஏறியது. பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்குள் கேட்குமே, அந்தச் சத்தம். இன்னும் ஒரு கிரீச். ஒரு சின்னத் தகடு பறந்து போய்ப் பாத்திக்குள் விழுந்தது. ஆல்பின் நின்று, பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது.

லைலாக் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு விரல் கீழ."

பெர்ட்டில் கோப்பையைப் படியில் வைத்தார். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொட்டகை இருபது அடி தள்ளியிருந்தது. புது முட்டியோடு ஓட முடியாது. குன்வோர் வேண்டுமென்றே அவருக்கும் கொட்டகைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"என்ன?" என்றார் கடைசியில், வேலியைப் பார்த்து.

"கல்லு புல்லுக்கு மேல நிக்கக் கூடாது. மட்டமாவும் நிக்கக் கூடாது. ஒரு விரல் கீழ நிக்கணும். நீ ஒரு விரல் மேல வெச்சிருக்கே. கத்தி கல்லுலதான் அடிக்கும்."

"சரி."

"அடியில கல்தூள் போட்டியா?"

"போடல."

"போடலேன்னா பனி இறுகினதும் எல்லாம் பல்லு மாதிரி எழும்பிக்கிட்டு நிக்கும்."

"சரி" என்றார் மறுபடியும். ஆல்பின் பீப் பீப் என்றது. பெர்ட்டில் படியிலிருந்து இறங்கி வேலிவரை நடந்தார். முட்டி அறுத்ததிலிருந்து ஊன்றி நடக்கும் தடியை எடுக்க மறந்துபோயிருந்தார். இலைகளுக்கு இடையில் ஹால்வாரின் சட்டை மட்டும் தெரிந்தது.

"எனக்கு அன்னிக்குத் தெரியாது, ஹால்வார். அவ போயிட்டான்னு தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்பருந்து?"

"அன்னிக்கே. நான் யாருக்கும் சொல்லலியே, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்புறம் ஏன் பதினோரு வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே?"

"தெரிஞ்ச பெறகும் நீ வரலியே. அதுக்குத்தான்."

பெர்ட்டில் ஒரு லைலாக் இலையைப் பறித்து நாலாக மடித்தார்.

"வெக்கமா இருந்துச்சு."

"பதினோரு வருசமாவா?"

"மொத வருசம் வெக்கம். அப்புறம் அது பழகிப்போச்சு." இலையைக் கீழே போட்டார். "தப்புத்தான். பேசக் கூடாத பேச்சு. மன்னிச்சுரு."

இலைகளுக்கு நடுவில் சட்டை ஓர் அடி கிட்ட வந்தது. பிறகு ஹால்வார் சொன்னார்: "மொதல்ல அந்த மெஷின நிறுத்து. கேக்கச் சகிக்கல. நான் சுத்தி வர்றேன்."

வேலியில் வழி கிடையாது. சாலை வழியாகச் சுற்றி வர நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடத்தில் பெர்ட்டில் உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். குன்வோர் அதைப் பார்க்காத மாதிரி அடுப்பில் காப்பியை ஏற்றினாள். கண்ணில் வெங்காயம் நறுக்கின மாதிரி நீர் கட்டியது. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலை நடந்தது. ஹால்வாரின் கல்மலை தள்ளுவண்டியில் ஏறி ஏறி இங்கே வந்தது. ஆனால் தொடங்கின அன்றே ஒன்று தெளிவாயிற்று. பெர்ட்டிலுக்கு முட்டி மடங்காது. ஹால்வாருக்கு முதுகு மடங்காது. இரண்டு பேரும் நின்றபடி தரையைக் கைகாட்டினார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு ஒட்டுனாலும் ஒரு முழு ஆள் தேறாது" என்று சொல்லிவிட்டுக் குன்வோர் சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டாள்.

பெர்ட்டில் முக்காலியில் உட்கார்ந்து பள்ளம் பறித்தார். ஹால்வார் நின்றபடி நூல் பிடித்தார், கல்தூளைக் கொட்டினார். குன்வோர் தரையில் ஊர்ந்து கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தன் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அளந்தாள். விரல் புல்லோடு மட்டமாக நின்றால் சரி. நின்றுகொண்டிருந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

"இடது பக்கம் ஒரு மயிரிழை தூக்கல்."

"இல்ல, வலது பக்கம் தாழ்வு."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

"அது எப்பிடி ஒண்ணாவும்? நாப்பது வருசம் தண்டவாளம் பாத்தவன் சொல்றேன்."

"நாப்பத்திரண்டு வருசம் பலகை பாத்தவன் நான் சொல்றேன்."

"இன்னொரு வார்த்தை பேசினா ரெண்டு பேரு தலையிலயும் இந்தச் சுத்தியாலயே மட்டம் பாப்பேன்" என்றாள் குன்வோர்.

கொசு கடித்தது. ஜூலை நடுவில் ஐந்து நாள் விடாமல் மழை. பள்ளமெல்லாம் தண்ணீர் நின்று, மண்புழுக்கள் கல்தூளில் ஏறிக்கொண்டன. மழை விட்டதும் வாளியால் இறைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். மத்தியானச் சாப்பாடு தோட்டத்திலேயே. புளிக்கவைத்த சாசேஜ் வறுவல், கிழங்கு, பீட்ரூட் ஊறுகாய். சாப்பிட்ட பிறகு காட்டோரத்தில் பறித்த ஸ்ட்ராபெரியும் பாலும். ஹால்வார் பதினோரு வருடத்தின் ஊர்ச்செய்தியை மறுபடி முதலிலிருந்து பேசினார். எல்லாம் பெர்ட்டிலுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் ஹால்வார் சொல்லி அவர் கேட்டதில்லை அல்லவா, அதனால் புதிதாகவே கேட்டார்.

கொடிமரத்தில் வந்து ஒரு நாள் முழுக்க நின்றுபோயிற்று. சுற்றிலும் வட்டமாகக் கல் பதிக்க வேண்டும் என்றார் பெர்ட்டில். சதுரக் கல்லில் வட்டம் போட்டால் சந்து விழும், சந்தில் புல் முளைக்கும் என்றார் ஹால்வார். இருவரும் தாளில் படம் போட்டார்கள். குன்வோர் தாளைப் பிடுங்கி, "எட்டு மூலை" என்று சொல்லிவிட்டு எட்டு மூலையாகப் பதித்தாள். இரண்டு பேரும் அது தங்கள் யோசனை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள்.

தோராவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டலுக்குச் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை, கல் வந்து இறங்கின மறுநாளே வந்தது. அன்று காலையில் பெர்ட்டில் தானாகவே கைபேசியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மகளுக்கு எண்ணை அழுத்தியதைக் குன்வோர் பார்த்தாள்.

"தோரா, ஓட்டல்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிரு."

"அப்பா, நீ மறுபடியும் படுத்துக்கிட்டு..."

"படுக்கல. உக்காந்துருக்கேன். உங்கம்மாதான் மண்டி போடுறா. ஹால்வார் நிக்கிறான்."

"எந்த ஹால்வார்?"

"ஊருல எத்தன ஹால்வார் இருக்கான்?"

"அப்பா" என்றாள் தோரா. குரல் மாறிவிட்டது. "போனை அம்மாட்ட குடு."

கடைசிக் கல் விழுந்தது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். கம்பியை ஹால்வார் சொன்னபடி எல்லா இடத்திலும் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். ஆல்பினுக்குப் புதுக் கத்தி மாட்டினார்கள். இரண்டு ஆண்களும் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

ஆல்பின் நேராகச் சுவரைப் பார்த்து வந்தது. "வர்றான், வர்றான்" என்றார் ஹால்வார். மூக்கு கல்லின்மேல் போயிற்று, சக்கரம் சத்தமில்லாமல் ஏறியது, சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் நின்று, திரும்பி வந்தது. அது திரும்பின இடத்தில் புல் கல்லின் விளிம்புவரை மழித்து நின்றது.

"ஒரு சாண் அகலம் ஆச்சு" என்றார் பெர்ட்டில். "இப்பிடியே போனா முழுசும் முடிக்க எத்தன நாளாவும்?"

"நாலு நாளு. அவன் இஷ்டத்துக்குத்தான் வருவான். நீ அவசரப்பட்டா அவன் வேகமாப் போவ மாட்டான்."

நாலு நாளும் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த இடம் பாக்கி என்று பந்தயம் வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை குன்வோர் வெளியே வந்தபோது பெர்ட்டில் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார், கைகளைப் பின்னால் கட்டியபடி. தோட்டத்தின் ஓரம் முழுக்கக் கத்தியால் கீறினது போலக் கோடு. அவர் எதுவும் செய்யவில்லை, செய்ய ஒன்றும் இல்லை. ஒரு சுற்று போய்விட்டு மறுபடி இன்னொரு சுற்று போனார்.

"ஏக்கமா இருக்கா?" என்று கேட்டாள். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டாள்.

பெர்ட்டில் யோசித்தார். "கத்திரி பிடிச்சு வெட்டும்போது ஓரத்த மட்டுந்தான் பாப்பேன். இவ்வளவு அழகா இருக்கும்னு நிமுந்து பாத்ததே இல்ல."

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி வெளுத்தது. ஆனால் புல்வெளி ஊறிக் கிடந்தது, காலை வைத்தால் சத்தம் போட்டது. ஆல்பினைக் கூட்டிலேயே விட்டார்கள். ஆப்பிள் மரத்தடியில் பெஞ்சுகள் போட்டிருந்தது. பெண் பாதிரியார் முதலில் வந்தார். வாசற்கதவிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் குதிகால் புதைந்து, செருப்பு மண்ணில் நின்றது, கால் மட்டும் வந்தது.

பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். யோத்தபோரிப் பெண்களெல்லாம் ஊசிக் குதிகால். பெர்ட்டில் கோட்டும் டையுமாக நின்று தன் புல்லைப் பார்த்தார். நாற்பது ஜோடிக் குதிகால் ஏறிப் போன பிறகு அது எப்படி இருக்கும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"கல்லு மேல நடக்கச் சொல்லு" என்றார் ஹால்வார். மேலிருந்து, கூட்டத்துக்குமேல் தலை தெரிய. "சுவரோரமாச் சுத்திப் போனா நேரா மரத்தடிக்குத்தான் போவும்."

கல் மூன்று வரிசை. ஓர் ஆள்தான் நடக்கலாம். மணமக்கள் கைகோத்து வர வேண்டும் என்பது வழக்கம். அதற்கு வழியில்லை. எமில் முன்னால் நடந்து, ஒரு கையைப் பின்னால் நீட்டினான். தோரா அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் பெர்ட்டில், அவருக்குப் பின்னால் குன்வோர், அப்புறம் ஹால்வார், அப்புறம் அத்தனை பேரும், ஏரிக்குப் போகிற வாத்துகள் மாதிரி வரிசையாகத் தோட்டத்தைச் சுற்றிப் போனார்கள். யாரோ பின்னால் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு வரிசை நெடுக முன்னால் வந்தது. பாதிரியாரும் சிரித்தார்.

சுவர் திரும்புகிற மூலையில் பெர்ட்டில் நின்றார். அவர் நின்றதும் குன்வோர் நின்றாள், ஹால்வார் நின்றார், நாற்பது பேரும் நின்றார்கள்.

"என்னப்பா?" தோரா திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ நட."

ஆனால் அவர் கண் கீழே இருந்தது. தோராவும் பார்த்தாள். இரண்டு கல்லுக்கு நடுவில், மழையில் முளைத்த ஒரே ஒரு புல் கற்றை, விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நின்றது.

பெர்ட்டிலால் குனிய முடியாது. ஹால்வாராலும் முடியாது. குன்வோர் குனியப்போனாள். அதற்குள் தோரா எமிலின் கையை விட்டுவிட்டு, வெள்ளைப் பாவாடையை இடுப்போடு சேர்த்து அள்ளிப் பிடித்து, அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். கற்றையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, எழுந்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"இப்பச் சரியா?"

பெர்ட்டில் அதை வாங்கினார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ரசமட்டம் பார்க்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிச் சுவரோரம் நெடுகப் பார்த்தார். அந்தக் கண் கொஞ்ச நேரம் மூடியே இருந்தது.

"இப்பச் சரி" என்றார்.

வரிசை நகர்ந்தது.